சார்ஜ் இருக்கும்வரை

கோபத்தை அடக்கு, மென்று விழுங்கு என்று புத்தி சொல்கிறவர்கள் யாரும் அன்றைக்கு அந்தக் கிடங்கில் இல்லை. இருந்திருந்தால் அவர்களுக்கும் சேர்த்துக் கிடைத்திருக்கும்.

“புது லேப்டாப்தான் வாங்கியாயிற்றே, இனிமேல் எழுத்தம்மாவுக்கு என்ன குறை?” என்று உங்களில் பலர் போன வாரம் எழுதிக் கேட்டிருந்தீர்கள். குறை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வார்த்தை. எழுத்தம்மா, தொழிலாளர் நஷ்டஈட்டு மன்றத்தில் சாட்சிகள் பேசப் பேச ஒரு சொல் விடாமல் டைப் செய்கிறவள். அந்த மன்றம் இப்போது நடமாடும் அமர்வு ஒன்றைத் தொடங்குகிறது. அடிபட்டவர்கள் மன்றத்தைத் தேடி அலைய வேண்டாம், மன்றமே அவர்கள் வேலை செய்த இடத்துக்குப் போகும். அந்த அமர்வுக்கு ஓர் எழுத்தர் வேண்டும். வாரத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய வேலை. எழுத்தம்மாவுக்கு அது வேண்டும். வேண்டும் என்றால் அப்படி வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவர் மருந்துக்கடைக்காரர், அப்புறம் கொழுந்தன். கொழுந்தன் வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வால் என்று பெயர். பெயருக்கு ஏற்ற பிள்ளைதான்.

போன தடவை இதே வேலைக்கு அவள் தேர்வு எழுதக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அவளுடைய பழைய லேப்டாப்பில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் உருண்டு கிடந்தது வாலின் தம்ளர். “நான் இல்ல அண்ணி” என்று தலையில் அடித்துச் சொன்னான். யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து அவள் பொருள் எதையும் அவன் தொடக்கூடாது என்று சட்டம்.

ஆனாலும் புதிது வாங்குகிறபோது புத்தி கேட்டது அவனிடம்தான். “வாயால சொல்லு, கை வைக்காதே” என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் கேட்டாள்.

“ஒரே மாடல் அண்ணி. ஒரே கலர், ஒரே பேட்டரி. உள்ள இருக்கிற பிராசசர் மட்டும் ரெண்டு வகை. ஒண்ணு வேகக்காரன். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வேலையை முடிப்பான், ஆனா பேட்டரியைக் குடிச்சுத் தீர்த்துடுவான். இன்னொண்ணு சிக்கனக்காரன். கொஞ்சம் நிதானம், ஆனா நாள் முழுக்கத் தாங்குவான். வெளியிலிருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. கீபோர்டுக்குக் கீழ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் அடையாளம்.”

“எனக்கு எது?”

“நான் ஒரு கட்டடத்தையே திரையில சுத்திச் சுத்திக் காட்டணும், எனக்கு வேகம் வேணும். உங்களுக்கு எதுக்கு? வேகம்தான் உங்க விரல்ல இருக்கே. மெஷின் தாக்குப்பிடிச்சா போதும்.”

சிக்கனக்காரன் என்று முடிவாயிற்று. கடைக்குப் போய் வாங்கி வந்தவர் மருந்துக்கடைக்காரர். பெட்டியைப் பிரித்துத் துடைத்து, அவரே மேஜையில் வைத்தார். கீபோர்டுக்குக் கீழே ஸ்டிக்கர் இல்லை. “அசிங்கமா இருந்துச்சு, உரிச்சுட்டேன்” என்றார். இவ்வளவு அக்கறையா என்று அவளுக்கு உள்ளம் குளிர்ந்து போனது, பாவம்.

இப்போது கிடங்குக்கு வருவோம்.

அது வெள்ளோட்ட அமர்வு, எழுத்தம்மாவுக்கும் வெள்ளோட்டம்தான். தகரக் கூரை, அடுக்கிய மரப்பெட்டிகள், நடுவில் ஒரு மேஜை. இருந்த ஒரே பிளக்கை ஒலிபெருக்கிக்காரர் பிடித்துக்கொண்டார். இன்னொன்று இருந்திருந்தாலும் எழுத்தம்மாவுக்குக் கிடையாது. கட்டை ஊன்றி வருகிறவர்கள் நடமாடும் இடத்தில் எழுத்தரின் ஒயர் குறுக்கே கிடக்கக்கூடாது என்பது மன்றத்தின் விதி. இன்னொரு விதியும் உண்டு. சாட்சி சொன்னது முடிந்ததும் திரையை அவர் பக்கம் திருப்ப வேண்டும். அவர் படித்துப் பார்த்து, தன் வாயால் “சரி” என்று சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் கீழே புதிதாகச் சொல்லலாம். மேலே பதிந்ததை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை, மன்றத் தலைவர் அம்மா உட்பட.

சாட்சிக்கு நடுத்தர வயது. தகடு வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். வலது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தார். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை என்று அவர் மனைவி முன்பே சொல்லியிருந்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். எழுத்தம்மாவின் விரல்கள் அவர் பின்னாலேயே போயின.

லேப்டாப் விசிறி ‘உஸ்’ என்று இரைந்தது. புது மெஷின் கொஞ்சம் சத்தம் போடும் என்று கணவர் சொல்லியிருந்தார். அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். பேட்டரியில் பாதிதான் இருந்தது. அமர்வு தொடங்கிச் சூடுகூடப் பிடிக்கவில்லை, அதற்குள் பாதியா? வெளிச்சத்தைக் குறைத்தாள். வேண்டாததையெல்லாம் மூடினாள். எண் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. “அம்மா, பிளக்” என்று தலைவர் அம்மாவிடம் ஜாடை காட்டினாள். அந்த அம்மாள் சாட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கை உள்ள போயிடுச்சுங்க” என்றார் சாட்சி. “நிறுத்துற சுவிட்ச் அந்தப் பக்கம் இருக்கு. எனக்கு எட்டல. கத்தறேன், சத்தத்துல யாருக்கும் கேக்கல. அப்போ நான்…”

திரை இருண்டது.

அவர் நிறுத்திவிட்டார். பேச்சின் சூட்டில் துண்டை விலக்கியிருந்தவர், கையை மறுபடி மூடிக்கொண்டார். எழுத்தம்மா பேனாவைத் தேடி எடுத்து, “நீங்க சொல்லுங்க ஐயா, நான் எழுதிக்கறேன்” என்றாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“பரவாயில்லம்மா. மெஷின்னா அப்படித்தான்” என்றார்.

கை போன மனிதர் அவளுக்கு ஆறுதல் சொல்கிறார்! பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது அவளுக்கு.

தலைவர் அம்மா குரலை உயர்த்தவில்லை. “பேட்டரி நாள் பூரா வரும்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்குக் காலைல இதே இடத்துல இவர்கிட்ட மறுபடி கேக்கணும். அவர் வருவாரான்னே தெரியல. வந்து, நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா, நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்.”

எழுத்தம்மா பஸ்ஸில் உட்காரவில்லை. காலி இருக்கை இருந்தது, உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே வீடு வந்து சேர்ந்தாள். யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம் பொல்லாதது. கண்ணில் படுகிறவன் தலையில்தான் அது விடியும்.

கண்ணில் பட்டவன் வால். சாப்பாட்டு மேஜையில் யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்துகொண்டிருந்தான்.

பையை மேஜை மேல் போட்ட வேகத்தில் அவன் பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

“நாள் முழுக்கத் தாங்குமா? எங்கேடா தாங்கிச்சு? சிக்கனக்காரனாம், சிக்கனக்காரன்! உன் பேச்சைக் கேட்டு மன்றத்துல மானம் போச்சு. ஒரு மனுஷன் வாழ்க்கையிலே முதல் தடவையா வாயைத் திறக்கறார், இந்தச் சனியன் அணைஞ்சு போகுது!”

“அண்ணி, ஒரு நிமிஷம்…”

“ஒரு நிமிஷமும் வேண்டாம். நான் இல்லாதப்போ இதுல கை வச்சியா? உன் படத்தையெல்லாம் ஏத்தினியா? போன தடவை தண்ணி, இந்தத் தடவை என்ன?”

வால் எழுந்து நின்றான். வழக்கமாகத் திட்டு வாங்கினால் பல்லைக் காட்டுகிற பையன். அன்றைக்குக் காட்டவில்லை.

“தண்ணி நான் ஊத்தலன்னு எத்தனை தடவை சொல்றது? தம்ளர் என்னோடதுன்னா குத்தமும் என்னோடதா? அன்னிலேர்ந்து இந்த வீட்டுல திருடன் மாதிரி இருக்கேன். நீங்க ரூமை விட்டு வெளிய போனா நானும் வெளிய போறேன், தெரியுமா உங்களுக்கு? மறுபடி ஏதாவது உடைஞ்சா என் தலையில விழும்னுதான். இந்தப் புது மெஷினை நான் தொட்டுக்கூடப் பார்க்கல.” குனிந்து பென்சிலை எடுத்தான். “தொட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அதை பிளக்ல போடுங்க. சத்தத்தைக் கேக்கணும்.”

எதற்கு என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பிளக்கில் போட்டாள். மெஷின் உயிர் பெற்றதும் விசிறி இரைந்தது. வால் காதைக் கொடுத்துக் கேட்டான். அவன் நெற்றி சுருங்கியது.

“இப்பவாவது தொடலாமா?”

அவள் தலையை அசைத்தாள். அவன் ஏதோ இரண்டு இடத்தில் தட்டினான். திரையில் ஒரு பெட்டி வந்தது. அதில் பிராசசரின் பெயர் இருந்தது.

“அண்ணி, இது நாம சொன்னது இல்ல. இது வேகக்காரன். நிக்க வச்சாலும் தீனி கேக்கிற குதிரை. வீட்டுல ஒரு தடவையாவது ஒயரைப் பிடுங்கிட்டு வேலை செஞ்சு பார்த்தீங்களா?”

“இல்ல. புது பேட்டரியை எப்பவும் சார்ஜ்லயே வச்சிருக்கணும்னு உங்க அண்ணன்…”

அவள் பாதியில் நிறுத்தினாள். அண்ணனைப் பற்றி நினைக்கக் கூசியது, இரண்டு பேருக்கும். கூச்சம் வந்தால் மனசு சுலபமான எதிரியைத் தேடும். கடைக்காரி கிடைத்தாள்.

“ஏமாத்திட்டா” என்றாள் எழுத்தம்மா. “பெட்டிக்குள்ள வேற எதையோ வச்சு அவர் தலையில கட்டிட்டா. அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? இரு, நான் பார்த்துக்கறேன்.” லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். பின்னாலேயே வந்த வாலை, “நீ இரு” என்றாள். ஆனால் இந்தத் தடவை அதைச் சொன்ன விதம் வேறு.

கம்ப்யூட்டர் கடை இரண்டு தெரு தள்ளி. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்ட பெண்மணி ஒருத்தி பில் போட்டுக்கொண்டிருந்தாள். எழுத்தம்மா லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்கு.

“விவரம் தெரியாத மனுஷன் வந்தா எதையாவது தள்ளி விட்டுடறதா? சிக்கன பிராசசர்னு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். இது என்ன?”

கடைக்காரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் மெஷினையும் பிறகு இவளையும் பார்த்தாள். அவளுக்கும் ரோஷம் உண்டு.

“மேடம், கத்தாதீங்க. கடையில நாலு பேர் இருக்காங்க. இதை வாங்கினவர் மருந்துக்கடை வச்சிருக்கிறவர்தானே? நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க எழுதினபடி சிக்கன மாடலைத்தான் முதல்ல எடுத்து வச்சேன். அவர்தான் வேண்டாம்னார்.”

“வேகமா இருக்கட்டும்னு நினைச்சிருப்பார்.”

“வேகத்தைப் பத்தி அவர் கேக்கவே இல்லையே.” அவள் குரலில் விஷமம் எதுவும் இல்லை, நடந்ததைத்தான் சொன்னாள். “ ‘இதே மாடல்ல பேட்டரி சீக்கிரம் தீர்றது எது’ன்னு கேட்டார். எனக்கே வேடிக்கையா இருந்துச்சு. எல்லாரும் நிறைய நேரம் வர்றது எதுன்னுதான் கேப்பாங்க. மாத்திக் கேக்கறீங்களான்னு மறுபடி கேட்டேன். ‘இல்லை, தீர்றதுதான் வேணும்’னார். வாங்கினதும் இங்கேயே நின்னு, நகத்தால ஸ்டிக்கரை உரிச்சார். பாருங்க, பசை இன்னும் ஒட்டியிருக்கு.”

எழுத்தம்மா அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பிசுபிசுத்தது. இத்தனை நாளும் மணிக்கட்டு பட்ட இடம் அது. தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள்.

பெண்களுக்குக் கோபம் வந்தால் அழுகை வரும் என்று எழுதுகிறோம் நாங்கள், வருஷக்கணக்காக. அவளுக்கு வரவில்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டு, வாய் மட்டும் தெளிவாக இருந்தது.

“அந்தச் சிக்கன மாடல் இருக்கா?”

“காட்சிக்கு வச்சது ஒண்ணு இருக்கு. ஆனா இதுல ஸ்டிக்கர் இல்லையே மேடம், கம்பெனி திருப்பி எடுக்காது.”

“அப்படின்னா நீங்க சொன்னதை அப்படியே எழுதித் தர்றேன், கையெழுத்துப் போடுங்க. நான் எழுதிக் கேட்டது இது இல்லன்னு தெரிஞ்சே வித்தீங்கன்னு நானே கம்பெனிக்கு அனுப்பறேன்.”

கடைக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து காட்சி மெஷினை எடுத்தாள். துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கிற சமயம், குரலைத் தாழ்த்தி, “அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்றாள்.

“சொல்லத்தான் போறேன்” என்றாள் எழுத்தம்மா.

மருந்துக்கடைக்காரர் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தார். வருகிறபோதே குரலில் பரிவு வழிந்தது.

“என்னம்மா, இன்னிக்கு எப்படிப் போச்சு? முகம் ஏன் வாடியிருக்கு?”

அந்தப் பரிவைக் கேட்டதும் எனக்கே கை பரபரக்கிறது. அவள் எப்படித்தான் பொறுத்தாளோ!

அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் லேப்டாப். ஒயர் எங்கும் இல்லை. எதிர்ப்பக்கத்து நாற்காலி தயாராக இழுத்துப் போட்டிருந்தது. சமையலறை வாசலில் வால் நின்றான்.

“உக்காருங்க” என்றாள். “பாதியில அணைஞ்சு போச்சு.”

“அடடா.” உட்கார்ந்தார். “நான் அப்பவே நினைச்சேன். இந்த வேலையே அலைச்சல். உடம்புக்கும் ஆகாது. மெஷினே வேண்டாம்னு சொல்ற மாதிரி இல்ல? ஒருவேளை நல்லதுக்குத்தானோ என்னமோ.”

அவள் விரல்கள் அசைந்தன. அவர் கவனிக்கவில்லை.

“கடையில நீங்க என்ன சொல்லி வாங்கினீங்க?”

“நீ எழுதிக் கொடுத்ததைத்தான். சிக்கனமானது, நாள் முழுக்க வர்றதுன்னு. அந்தப் பொம்பளை ஏமாத்தியிருப்பா. வாலும் ஏதாவது நோண்டியிருப்பான், சொல்ல முடியாது.”

வாசலில் வால் ஓர் அடி முன்னால் வந்தான். அவள் இடது கையை மட்டும் உயர்த்தினாள். அவன் நின்றான்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“வேற என்ன? உனக்கு நல்லதைத் தவிர நான் என்ன நினைச்சிருக்கேன்?”

அதையும் டைப் செய்து முடித்தாள். பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் அவர் பேசியது அத்தனையும் இருந்தது. ‘அடடா’ கூட விடவில்லை.

“படிச்சுப் பாருங்க. நீங்க சொன்னதுதானான்னு பார்த்து, சரின்னு சொல்லுங்க.”

“என்ன விளையாட்டு இது?”

“கடைக்குப் போயிருந்தேன்.”

அவர் முகத்தில் இருந்த பரிவு எங்கே போனது என்று தெரியவில்லை. திரையைப் பார்த்தார். தன் வார்த்தைகளை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ‘வாலும் ஏதாவது நோண்டியிருப்பான்’ என்ற இடத்தில் கண் நின்றது. கை தானாகக் கீபோர்டுக்குப் போனது.

“அழிக்கக் கூடாது!” அவள் போட்ட அதட்டலில் அவர் கை அந்தரத்தில் நின்றது. “கை போனவரே அழிக்காம சொன்னார். உங்களுக்கு என்ன? மருந்துக்கு அளவு பார்த்துக் கொடுக்கிற கை இல்ல இது? எனக்கும் அளவு பார்த்துத்தானே கொடுத்தீங்க, பாதி அமர்வு தாங்கற அளவுக்கு? போகாதேன்னு ஒரு வார்த்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை போகாமக்கூட இருந்திருப்பேன். உங்களுக்கு அந்தத் தைரியம் இல்ல. மெஷினைச் சொல்ல வச்சீங்க. அதுவும் யார் முன்னாடி? அந்த மனுஷன் முன்னாடி!”

அவர் தலை குனிந்தது. “நீ பாதி வாரம் வெளியில இருந்தா இந்த வீட்டுல நான்…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

“அதைச் சொல்லுங்க. அதைத்தான் கேக்கறேன். கீழே புதுசா சொல்லலாம், அதுக்கு இடம் இருக்கு.” லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி மூலையைப் பார்த்தாள். எண் அசையவே இல்லை. “அவசரம் இல்ல. இது விடியற வரைக்கும் தாங்கும். நாளைக்குக் காலைல அவர் வந்தாலும் வராட்டியும் நான் அந்தக் கிடங்குக்குப் போகத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க.”

மேஜை மேல் விசிறிச் சத்தம்கூட இல்லை. மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“ஆரம்பத்துலேர்ந்துன்னா…” என்றார். “கடையிலேர்ந்து இல்ல. பழைய மெஷின்லேர்ந்து சொல்லணும்.”

அவள் அதையும் டைப் செய்தாள்.

“அந்தத் தம்ளர் அவனோடதுதான்.” மேஜையைப் பார்த்துத்தான் சொன்னார். “தண்ணி ஊத்தினது அவன் இல்ல.”

இத்தனை வருஷத்தில் எந்தச் சாட்சி என்ன சொன்னபோதும் எழுத்தம்மாவின் விரல்கள் நின்றதில்லை. அன்றைக்கு நின்றன.

“எழுதுங்க அண்ணி” என்றான் வால்.